ஆடியில் காணாமல் போகும் பணம்

"ஆடி முதல் வெள்ளி, காலை. அக்கா தனியாக வந்தாள். காபி வேண்டாம் என்றாள். வீட்டுப் பத்திரத்தைக் கொடுத்து, நீயே வைத்துக்கொள் என்றாள். அத்தானுக்குத் தெரியக் கூடாதாம்."

என் நாட்குறிப்பில் உள்ள வரிகளை அப்படியே எடுத்து எழுதியிருக்கிறேன். ஆண்டை வேண்டுமென்றே விட்டுவிட்டேன். தேதிகளை விடுவது என் வழக்கம் இல்லை. தெருவில் புதிதாக ஒரு கடை திறந்தால்கூடக் கிழமையோடு குறித்து வைப்பவன் நான். ஆனால் இதில் சம்பந்தப்பட்டவர்கள் எல்லோரும் இன்றும் தென்னூரிலும் ஸ்ரீரங்கத்திலும் நடமாடுகிறார்கள். சிலர் என்னைப் பார்த்தால் நின்று பேசுகிறார்கள், சிலர் எதிர்ச் சாரிக்குப் போய்விடுகிறார்கள். கல்யாண வீட்டு மொய் மேசையில் நோட்டுப் புத்தகத்துக்குப் பக்கத்தில் க்யூ ஆர் அட்டை வைக்கும் வழக்கம் வந்த பிறகு நடந்தது என்று மட்டும் தெரிந்தால் போதும். அந்த அட்டைக்கு இதில் பங்கு உண்டு.

அன்று அக்காவின் கைகளில் கண்ணாடி வளையல்கள் இருந்தன. ஆடி வெள்ளியாயிற்றே, அம்மன் கோயிலுக்குப் போய்விட்டு வருகிறாள் என்றே நினைத்தேன். ஊரில் எல்லோரும் அப்படித்தான் நினைத்திருப்பார்கள். அவளே சொன்ன பிறகுதான் தெரிந்தது.

"தங்க வளையல் பாங்க்லடா. லாக்கர்ல இல்ல, அடகுல. வருஷா வருஷம் ஆடிக்குப் போகும், தைக்குத் திரும்பி வரும். போன வருஷம் போனது இன்னும் வரல."

பிறகு பையிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினாள். அத்தானின் கல்யாணச் சமையல் தொழிலுக்கு ஆடிட்டர் போட்டுக் கொடுத்த வருடக் கணக்கு. கீழே, லாபம் என்ற சொல்லுக்கு எதிரே கௌரவமான ஒரு தொகை இருந்தது.

"இதுக்கு வரி வேற கட்டியிருக்காருடா. லாபம் வந்த வீட்டுல என் வளையல் எதுக்கு அடகுல கெடக்கணும்? நீ கணக்கு ஆபீஸ்ல இருந்தவன்தான? பதில் சொல்லு."

தாளை இரண்டு முறை படித்துவிட்டு மடித்துக் கொடுத்தேன். அவள் வந்த காரணம் அது மட்டும் இல்லை. எடமலைப்பட்டி புதூரில் அவர்கள் குடியிருக்கும் வீடு, அப்பா தன் ஓய்வுக்காலப் பணத்தில் அவள் பெயரில் வாங்கிக் கொடுத்தது. ஸ்ரீரங்கம் பக்கத்தில் ஒரு கல்யாண மண்டபம் குத்தகைக்கு வருகிறது, அந்த வீட்டை அடமானம் வைத்து அதை எடுத்துவிடலாம் என்று அத்தான் ஒரு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தாராம். கையெழுத்துப் போட வேண்டியவள் அக்கா. ஆவணி பிறந்ததும் மண்டபக்காரருக்குப் பதில் சொல்ல வேண்டும்.

"பணம் எங்கயோ போகுதுடா. எங்க போகுதுன்னு தெரியாம நான் கையெழுத்துப் போட மாட்டேன்" என்றவள், பக்கத்தில் யாரும் இல்லாதபோதும் குரலைத் தாழ்த்தினாள். "ஆடி மாசம் செவ்வாய்க்கிழமை ஆனா துவாக்குடிக்குப் போறாரு. கல்யாணமே இல்லாத மாசத்துல அங்க என்ன வேலை?"

அத்தானைப் பற்றிச் சொல்ல வேண்டும். கனத்த உடம்பு, உரத்த குரல், எந்த விருந்திலும் முதல் பந்தியில் உட்காராத மனிதர். இலைக்கு இவ்வளவு என்று விலை பேசி மாலை வரவேற்பு, காலைச் சிற்றுண்டி, மதியச் சாப்பாடு மூன்றையும் முடித்துக் கொடுப்பது அவருடைய தொழில். தென்னூரில் அவருக்கு ஒரு சிறிய அலுவலகமும் அதற்குப் பின்னால் பாத்திரக் கிடங்கும் இருந்தன. ஓர் அண்டாவைத் தட்டிப் பார்த்தே எங்கே வாங்கியது என்று சொல்லுவார். கையில் காசு சேர்ந்தால் பாத்திரம் வாங்குவார், இன்னும் சேர்ந்தால் வண்டி. பணம் என்பது அவருக்கு வங்கியில் இருப்பது இல்லை, வெள்ளைச் சட்டையின் பையில் இருப்பது. அந்தப் பையில்தான் எல்லாம் வந்து விழும், அதிலிருந்துதான் எல்லாம் போகும். ஆடிட்டருக்கான ரசீதுகளை மட்டும் ஒழுங்காக ஒரு கம்பியில் குத்தி வைப்பார். அந்த விஷயத்தில் அவரிடம் ஒரு குறையும் கண்டுபிடிக்க முடியவில்லை.

கண்டுபிடிக்க நான் முயன்றேன் என்பதை மறைக்க வேண்டியதில்லை. நான் வேலை பார்த்தது அரசு அலுவலகம் ஒன்றில். அங்கே வரவு உண்டு, செலவு உண்டு, லாபம் என்ற சொல்லே கிடையாது. வந்த பணம் இருக்க வேண்டும், இல்லையென்றால் செலவுச் சீட்டு இருக்க வேண்டும், இரண்டும் இல்லையென்றால் யாரோ எடுத்திருக்கிறார்கள். இப்படி யோசித்தே தலை நரைத்தவன் ஒரு சமையல் கான்ட்ராக்டரின் தொழிலைப் பார்த்தால் எல்லோரும் திருடர்களாகத்தான் தெரிவார்கள். முதலில் நெய்யையும் முந்திரியையும் அளந்து கொடுக்கும் கிடங்குக்காரரைச் சந்தேகித்தேன். அவர் புது மோட்டார் சைக்கிளில் வந்து போனது அதற்குத் தோதாக இருந்தது. அது அவர் மகனுக்கு மாமனார் வீட்டில் கொடுத்த சீர் என்று பிறகு தெரிந்தது. அடுத்து, கமிஷன் அடிப்பாரோ என்று காய்கறி வாங்கி வருபவரைச் சந்தேகித்தேன். காந்தி மார்க்கெட்டுக்கு நானே விடியற்காலையில் போய் விலை கேட்டேன். அவர் எழுதியிருந்த விலையைவிட எனக்குச் சொன்ன விலைதான் அதிகமாக இருந்தது. கடைசியில் மீதி இருந்தது அத்தானும் அவருடைய செவ்வாய்க்கிழமையும்.

"எனக்கும் துவாக்குடியில ஒரு வேலை இருக்கு அத்தான், வண்டியில வரவா?" என்று கேட்டபோது அவர் தயங்கவில்லை. அவர் தயங்காததையும் சந்தேகத்தோடுதான் குறித்துக்கொண்டேன். நெடுஞ்சாலையிலிருந்து பிரியும் ஒரு தெருவில், மாணவர்களுக்கு விடும் அறைகளுக்கு நடுவே இருந்த ஒரு சிறிய வீட்டின் முன் வண்டி நின்றது. வெளியே வந்த பெண்ணுக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். அக்காவிடம் இதை எப்படிச் சொல்வது என்று யோசிக்கத் தொடங்கினேன்.

"வாங்கண்ணே" என்றாள். பிறகு என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "இது யாரு, உங்க மச்சானா? வேவு பாக்க அக்கா அனுப்பிச்சாங்களா?" என்று சிரித்தாள்.

உள்ளேயிருந்து, அத்தானின் தலைமைச் சமையல்காரர் லுங்கியை அவிழ்த்துக் கட்டிக்கொண்டே வந்தார். அந்தப் பெண் அவருடைய மனைவி. அக்கம்பக்கத்தில் இன்னும் சில சமையல்காரர்கள் குடியிருந்தார்கள். ஆடியில் கல்யாணம் இல்லை, கூலி இல்லை. சும்மா இருக்கும் சமையல்காரரைக் கல்லூரி விடுதி உணவகங்கள் மாதச் சம்பளத்துக்கு இழுத்துக்கொள்ளும். அப்படிப் போனவர் ஆவணிக்குத் திரும்பி வரமாட்டார். அதனால் அத்தான் வாராவாரம் வந்து வேலையில்லாத நாட்களுக்குப் பாதிக் கூலி கொடுத்துவிட்டுப் போவார். நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஆளாளுக்குக் கொடுத்தார்.

திரும்பும் வழியில் சொன்னார். "மாப்ள, இந்த வயசுலயும் என் மேல சந்தேகப்பட உங்க அக்காவுக்கு மனசு வருதே. அதுவே எனக்கு ஒரு சந்தோஷம்தான் போங்க."

"இதை வீட்டுல சொல்லியிருக்கலாமே அத்தான்."

"வேலை பாக்காதவனுக்கு எதுக்குக் கூலின்னு கேப்பா. அதுக்கு என்கிட்ட பதில் இல்ல."

சிரித்து மழுப்புகிறவர்களைப் பணிக்காலத்தில் நிறையப் பார்த்திருக்கிறேன். அக்காவிடம், "வேறு குடும்பம் எதுவும் இல்லை" என்று மட்டும் சொன்னேன். அவள் முகம் தெளியவில்லை. "அப்ப பணம்?" என்றாள். பாதிக் கூலி ஒரு ஓட்டைதான். ஆனால் வளையல்கள் போய்த் திரும்பாத அளவுக்குப் பெரிய ஓட்டை அது இல்லை. ஆவணி முதல் முகூர்த்தம் வரை கையெழுத்துப் போடாமல் இருக்கச் சொன்னேன். அந்த முகூர்த்தத்தன்று, ஸ்ரீரங்கத்தில் ஒரு மண்டபத்தில், சமையல்கட்டு வாசலில் நாற்காலி போட்டு நாள் முழுவதும் அத்தானின் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். கோயில் பார்க்க வந்தவன், அப்படியே அத்தானோடு இருந்துவிட்டேன் என்று பெண் வீட்டாரிடம் சொல்லிக்கொண்டேன்.

முதலில் வந்தவர் லால்குடிப் பக்கத்து விவசாயி. முந்தின மாலை வரவேற்பில் சாப்பிட்டவராம். "ரசம் ஒண்ணு போதும்ங்க. தையில எங்க பொண்ணு கல்யாணம், நீங்கதான் பண்ணித் தரணும்" என்று வெற்றிலை பாக்கோடு ஒரு கற்றை நோட்டைக் கொடுத்தார். அத்தான் அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு சட்டைப் பையில் வைத்தார். முகம் மலர்ந்திருந்தது. இப்படி ஒருவரிடமிருந்து முன்பணம் வாங்கும்போது அவர் பணக்காரராக உணர்ந்தார் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. சற்று நேரத்தில் வாழை இலைக்காரர் வந்தார். பையிலிருந்து கொஞ்சம் போனது. பால்காரர் வந்தார், கொஞ்சம். கேஸ் சிலிண்டர் இறக்கியவர், பூசணிக்காயைத் தோளில் சுமந்து வந்தவர், அவரவருக்குக் கொஞ்சம் கொஞ்சம். கெட்டி மேளம் கேட்டபோது பை தட்டையாகிவிட்டது.

பார்த்துக்கொண்டிருந்த எனக்கு அப்போதுதான் உறைத்தது. தையில் கல்யாணம் ஆகப்போகும் ஒரு பெண்ணுக்கு அவள் அப்பா கொடுத்த பணம், ஆவணியில் வேறொரு பெண்ணின் பந்தியில் கூட்டாக வெந்துகொண்டிருந்தது. அப்படியானால் இன்றைய பெண்ணின் அப்பா வைகாசியில் கொடுத்த முன்பணம் எங்கே? அது வைகாசிக் கல்யாணம் ஒன்றில் எப்போதோ செலவாகியிருக்கும். அந்த வைகாசிக் கல்யாணத்துக்கு வந்த முன்பணம் மாசிக் கல்யாணம் ஒன்றில். முகூர்த்தங்கள் நெருக்கமாக வரும்வரை இந்தச் சங்கிலி ஓடும், யாருக்கும் தெரியாது. ஆடி வந்ததும் நின்றுவிடும். ஆடியில் யாரும் கல்யாணம் செய்வதில்லை, நல்ல காரியத்துக்கு முன்பணம் கொடுக்கவும் பலர் யோசிப்பார்கள். ஆனால் கிடங்கு வாடகையும் வண்டிக் கடனும் பாதிக் கூலியும் ஆடி என்று பார்ப்பதில்லை. ஆவணிக் கல்யாணங்களுக்கான பணமோ ஏற்கெனவே சாப்பிட்டாகிவிட்டது. அக்காவின் வளையல்கள் அந்த இடைவெளியில்தான் போய் விழுந்திருந்தன.

மதியப் பந்தி முடிந்ததும் மீதித் தொகை வாங்கும் நேரம் வந்தது. எங்கள் பக்கத்துக் கல்யாணங்களில் அன்று விழும் மொய்யை எண்ணித்தான் சமையல்காரருக்கும் மேளக்காரருக்கும் கணக்கு முடிப்பார்கள். அதைப் புரிந்துகொண்டு காத்திருப்பதுதான் மரியாதை. ஆனால் அன்று மொய் மேசையில் நோட்டுக் கட்டுகள் குறைவாகவே இருந்தன. பெண்ணின் அப்பா சங்கடத்தோடு வந்தார்.

"அண்ணே, எல்லாரும் அட்டையில ஸ்கேன் பண்ணிட்டாங்க, மொய்யெல்லாம் பொண்ணு போனுக்குப் போயிருச்சு. அவளும் மாப்பிள்ளையும் இப்பதான் மறுவீடு கெளம்புறாங்க. கல்யாணப் பொண்ணக் கூப்பிட்டு, பணத்த அனுப்புடின்னு எப்படிண்ணே கேக்குறது?"

"அதுக்கென்னங்க, நீங்க எங்க ஓடிறப் போறீங்க? முதல்ல பொண்ண நல்லபடியா அனுப்பி வைங்க" என்றார் அத்தான். அவரால் வேறு எதுவும் சொல்ல முடியாது. கழுத்தில் துண்டைப் போட்டுக் கேட்டார் என்ற பேச்சு கிளம்பினால் அடுத்த முகூர்த்தத்துக்கு ஆள் வரமாட்டார்கள். பெண்ணின் அப்பா போனதும் அவர் என் பக்கம் குனிந்தார். பரிமாறியவர்கள் கை கழுவிவிட்டுக் கூலிக்காக வரிசையாக நின்றுகொண்டிருந்தார்கள்.

"மாப்ள, கையில ஏதாச்சும் இருக்கா? வெள்ளிக்கிழமை தந்துடறேன்."

கொடுத்தேன். அன்றைய கல்யாணத்தில் அத்தானுக்கு நல்ல லாபம். சாப்பாடு பிரமாதம் என்று எல்லோரும் சொன்னார்கள், இலைகளும் பேசியதற்கு மேல் விழுந்தன. ஆடிட்டர் அந்த லாபத்தை எழுதுவார், அது பொய் இல்லை. ஆனால் அந்த லாபம் அப்போது காவிரிப் பாலத்தில் ஒரு மணப்பெண்ணின் கைப்பேசிக்குள் போய்க்கொண்டிருந்தது. சென்ற ஆண்டு லாபம் தென்னூர்க் கிடங்கில் அண்டாவாகக் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது. தொழிலில் சம்பாதிப்பது ஒன்று, சம்பாதித்தது கைக்கு வருவது ஒன்று, வேண்டிய நாளில் அது கையில் இருப்பது வேறொன்று. நான் படித்த எந்தப் புத்தகத்திலும் இது எனக்குப் புரிந்ததில்லை. யாரும் திருடவில்லை என்று தெரிந்தபோது நிம்மதி வரவில்லை. திருடன் இருந்தால் பிடித்து வெளியே அனுப்பிவிடலாம். இங்கே எல்லோரும் யோக்கியமாக இருந்தும் பணம் இல்லை. இதில் இன்னும் பயங்கரமான விஷயம், கல்யாணம் அதிகமாக அதிகமாக, முன்கூட்டியே செலவாகிவிடும் முன்பணமும் கூடி, ஆடியில் விழும் குழி ஆழமாகும் என்பது.

மறுநாள் எடமலைப்பட்டி புதூரில், சாப்பாட்டு மேசையில் இதைச் சொன்னேன். அத்தான் பொறுமையாகக் கேட்டார், இட்லியையும் நிறுத்தவில்லை.

"அதத்தான் மாப்ள நானும் சொல்றேன். மண்டபம் நம்ம கையில இருந்தா முகூர்த்தம் எல்லாம் நம்மகிட்டதான் வந்தாகணும். அட்வான்ஸ் கொட்டும்."

"கொட்டும். அது யாரு பணம்?" என்றாள் அக்கா.

"நம்ம பணம்தான்."

"இன்னும் நடக்காத கல்யாணத்தோட பணம் எப்படிங்க நம்ம பணம் ஆகும்? நாளைக்கு அந்தப் பொண்ணு கல்யாணம் நின்னுபோச்சுன்னா திருப்பிக் குடுக்கணும்ல?"

"நல்ல வார்த்தை சொல்லு."

"சரி, ஆடி மாசம் மண்டபத்துக்கு வாடகை யாரு குடுப்பா? புரட்டாசியில பாதிப் பேரு கல்யாணம் வைக்கிறதில்ல. மார்கழியில யாருமே இல்ல. இப்ப பாத்திரம் மட்டும் சும்மா கெடக்கு. அப்புறம் மண்டபமும் சும்மா கெடக்கும். அதுக்குப் போட என்கிட்ட வளையலும் இல்ல."

அத்தான் என்னைப் பார்த்தார். இவை நான் சொல்லிக் கொடுத்த கேள்விகள் என்று அவர் நினைத்தது முகத்தில் தெரிந்தது. நான் மண்டப வாடகையைப் பற்றி யோசித்திருக்கவே இல்லை. இதை இன்றுவரை அவர் நம்பவில்லை.

"என்னை நம்பலையா நீ?" என்று கேட்டார், மிகவும் மெதுவாக.

"உங்கள நம்புறேன். உங்க சட்டைப் பையத்தான் நம்பல."

அவர் எழுந்து கை கழுவிவிட்டுக் கிளம்பிப் போனார். அக்கா கையெழுத்துப் போடவில்லை. கொஞ்ச நாள் கழித்து ஒரு நிபந்தனை போட்டாள். இனிமேல் வரும் முன்பணம் எல்லாம் அவளும் சேர்ந்து கையெழுத்திடும் தனிக் கணக்கில் விழ வேண்டும், அந்தந்தக் கல்யாணத்துக்குச் சாமான் வாங்கும்போதுதான் எடுக்க வேண்டும். மண்டபம் கைநழுவிப் போயிருந்ததால் அத்தான் ஒத்துக்கொண்டார், சம்மதித்து அல்ல, சலித்துப்போய். மண்டபப் பேச்சு அடங்கியதும் பத்திரத்தை அவளிடமே திருப்பிக் கொடுத்தேன்.

பையில் பணம் இல்லாத அத்தான் வேறு மனிதர். ஒரே நாளில் இரண்டு கல்யாணம் எடுப்பதை விட்டார். முன்பணத்தைத் தொடாமல் நடத்த முடிந்தவற்றை மட்டும் எடுத்தார், மற்றவற்றைக் கைகூப்பி அனுப்பினார். தலைமைச் சமையல்காரர் ஓர் ஆடியில் விடுதி உணவகத்துக்குப் போனார், ஆவணிக்குத் திரும்பவில்லை. கிடங்கில் பாதிப் பாத்திரங்களை விற்றார்கள். ஒரு தையில் வளையல்கள் வீட்டுக்கு வந்தன. அவற்றைப் போட்டுக்கொண்டு அக்கா என் வீட்டுக்கு வந்தாள். அத்தான் வாசலோடு நின்றுகொண்டார். இப்போது வளைகாப்பு, காதுகுத்து, அறுபதாம் கல்யாணம் என்று சின்ன விசேஷங்கள் மட்டும் செய்கிறார். கடன் இல்லை. ஆடியில் வீட்டில் உட்கார்ந்து செய்தித்தாள் படிக்கிறார். ஸ்ரீரங்கத்தில் பெரிய கல்யாணம் ஏதாவது நடந்தது என்று யாராவது சொன்னால், பக்கத்தைப் புரட்டாமல் அதே செய்தியைத் திரும்பப் படித்துக்கொண்டிருப்பார்.

அந்த மண்டபத்தை வேறொரு சமையல் கான்ட்ராக்டர் எடுத்தார். அவருக்கு என்ன ஆயிற்று என்பதில்தான் எங்கள் வீட்டின் நியாயம் முழுவதும் இருக்கிறது. அவர் அதில் சம்பாதித்து வீடு கட்டிவிட்டார் என்கிறார் அத்தான். முதல் ஆடியிலேயே தாக்குப் பிடிக்க முடியாமல் இரவோடு இரவாகப் பாத்திரங்களை ஏற்றிக்கொண்டு போய்விட்டார் என்கிறார் வாழை இலைக்காரர். இருவரையும் நான் நம்பவில்லை. தன்னுடைய கணிப்பு சரியாக இருந்தது என்று காட்ட வேண்டிய அவசியம் அத்தானுக்கு இருக்கிறது. இலைக்காரருக்கோ அந்த மனிதரிடமிருந்து பாக்கி வர வேண்டியிருக்கிறது. இப்போது அங்கே வேறு பெயரில் பலகை தொங்குகிறது. அவர் பெயரை மாற்றினாரா, ஆளே மாறினாரா என்பது வெளியிலிருந்து பார்த்தால் தெரியவில்லை.

உள்ளே போய்க் கேட்டுவிடலாம். ஐந்து நிமிட வேலை. போன ஆடியில் அக்காவிடம், போய் விசாரித்து வரட்டுமா என்று கேட்டேன். அத்தான் உள்ளறையில் இருந்தார். அவள் கதவை ஒருமுறை பார்த்துவிட்டுச் சொன்னாள்.

"வேணாம்டா. அந்தாளு நல்லா இருந்தா இவரு என்னைத் தூங்க விட மாட்டாரு. கெட்டுப் போயிருந்தா நான் இவரைத் தூங்க விட மாட்டேன். இப்படியே இருக்கட்டும் விடு."

அதனால் நான் விசாரிக்கவில்லை. மண்டபத்தைக் குத்தகைக்கு எடுத்தவர் அந்த முதல் ஆடியைத் தாண்டினாரா இல்லையா என்பது, இதை எழுதும் இன்றைய தேதி வரை, உறுதி செய்யப்படவில்லை.